நான்காம் அறை நோயாளி

“தேய்க்காதேம்மா! தேய்க்கத் தேய்க்கப் பரவுது!” என்று அலறினாள் வெரீனா.

மெர்வத் கேட்கவில்லை. கல்லூரியின் கார் நிறுத்துமிடத்தில், காருக்குள் உட்கார்ந்தபடி, மகளின் வெள்ளைச் சட்டையைக் காகிதக் கைக்குட்டையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சற்று முன்புவரை அது ஒரே ஒரு சொட்டுதான். மார் மீனா கோயிலிலிருந்து பாதிரியார் கொடுத்தனுப்பிய எண்ணெயைத் தொட்டு மகள் நெற்றியில் ஒரு சிலுவை போட நினைத்தாள். பிப்ரவரிக் குளிரில் குப்பியின் மூடி இறுகிக் கிடந்தது. பல்லால் திருகினாள். நெற்றிக்குப் போகவேண்டியது நெஞ்சில் சொட்டிவிட்டது.

“சாமி எண்ணெய்டி. கறையாவா நிக்கப்போகுது?”

“சாமி எண்ணெயும் எண்ணெய்தாம்மா!”

கையைக் கழுவ வைத்திருந்த கிருமிநாசினியை மெர்வத் அதன்மேல் ஊற்றினாள். கறை மஞ்சளாயிற்று. பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் இருவரும் கல்லூரிக் கழிப்பறைக்கு ஓடிச் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். அம்மாவின் தொளதொளச் சட்டையை மகள் பாவாடைக்குள் மடித்துத் திணித்துக்கொண்டாள். மகளின் ஈரச் சட்டைக்குள் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தாள்.

“அழகா இருக்கே கண்ணு” என்றாள் மெர்வத்.

“கூடாரம் மாதிரி இருக்கேன்” என்று சொல்லிவிட்டு வெரீனா ஓடினாள்.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சேர்ந்து, ஏழு வருடத்தில் டாக்டராக வெளியே வரும் படிப்பு அது. மற்றப் பிள்ளைகள் கல்லூரியை முடித்து, இன்னொரு பரீட்சை எழுதி, மருத்துவக் கல்லூரி வாசலில் மறுபடி வரிசையில் நிற்கவேண்டும். இதில் சேர்ந்தவர்களுக்குப் பதினேழு வயதிலேயே அந்த இடம் உறுதி. இருப்பதோ கைப்பிடி அளவு இடங்கள். நியூ ஜெர்சியில் எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் கோயில்களில் ஆராதனை முடிந்ததும் பெண்கள் கூடிப் பேசுவது இரண்டே விஷயம்: ஒன்று நோன்புச் சமையல், மற்றது இந்தப் படிப்பு.

வெரீனாவுக்கு இது அம்மா ஊட்டிவிட்ட ஆசை அல்ல. சனிக்கிழமைதோறும் முதியோர் இல்லத்துக்குப் போய், யாரும் சொல்லாமலே கிழவர்களுக்கு நகம் வெட்டிவிட்டு வருகிற பெண் அவள். மனுப்போட்ட இடங்களெல்லாம் கையை விரித்துவிட்டன. நேர்காணலுக்குக் கூப்பிட்டது இது ஒன்றுதான்.

பெற்றோர் கூடத்தின் வாசலில் பித்தளைக் கைமணியோடு ஓர் அம்மாள் நின்றாள். பெயர் திருமதி பிரெஸ்லின். நேர்காணல் அலுவலகம் அவள் பொறுப்பு.

“பெத்தவங்க யாரும் இந்தக் கதவைத் தாண்டக்கூடாது” என்றாள். “சாப்பாடு குடுக்கவும் வேணாம், வாழ்த்துச் சொல்லவும் வேணாம். போன வருஷம் ஒரு அப்பா வாழைப்பழத்தோட உள்ள வந்துட்டாரு. அந்தப் பையனோட நேர்காணல் அந்த நிமிஷமே முடிஞ்சுபோச்சு.”

கூடத்திலிருந்த தகப்பன்மார் எல்லாரும் தத்தம் பைகளை இறுக மூடிக்கொண்டார்கள்.

“உள்ள எட்டு ரூம். கதவுல ஒட்டியிருக்கிற தாளைப் படிச்சிட்டுப் பிள்ளைங்க உள்ள போவாங்க. மணி அடிச்சா அடுத்த ரூம். இங்க காபி இருக்கு, குடிங்க.”

மெர்வத் காபியை வாங்கவில்லை. பெரிய நோன்புக்காலம், மதியம்வரை பச்சைத் தண்ணீரும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து ஜெபத்துக்காகக் கையை நெஞ்சில் வைத்தாள். சட்டைப் பையில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தாள்.

வெரீனாவின் மூக்குக்கண்ணாடி.

“ஆண்டவரே!”

வெரீனாவுக்குத் தூரத்துப் பேருந்தின் எண் பளிச்சென்று தெரியும். கையிலிருக்கும் தாளில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. கதவுத் தாளைப் படிக்காமல் அறைக்குள் போய் என்ன செய்வாள்?

திருமதி பிரெஸ்லினிடம் கொடுக்கலாமென்று எழுந்தாள். வாழைப்பழம் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து, கழிப்பறைக்குப் போவதுபோல் நழுவினாள். கழிப்பறைக்கு அடுத்தாற்போல் ஒரு சந்து. அதில் வரிசையாக, எண் போட்ட பின்கதவுகள். நான்காம் எண் மட்டும் லேசாகத் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். ஆள் இல்லை.

அவள் கணக்கு எளிமையானது. எல்லாப் பிள்ளைகளும் எல்லா அறைக்கும் வந்துதானே ஆகவேண்டும்? இங்கேயே ஒதுங்கி நிற்போம். வெரீனா வந்ததும் கண்ணாடியைக் கையில் திணித்துவிட்டுப் பின்பக்கமாகவே போய்விடுவோம்.

உள்ளே கால் வைத்தாள். பின்கதவு ‘டக்’கென்று சாத்திக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் அட்டை தேய்க்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அறையில் ஒரு பரிசோதனைக் கட்டில், மெத்தை வைத்த இரண்டு நாற்காலிகள், மேசைமேல் தண்ணீர்ப் பாட்டில்கள், ஒரு தட்டில் பிஸ்கட். எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி.

மெர்வத் அந்தக் கண்ணாடியை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். மகனை இந்தப் படிப்பில் சேர்த்துவிட்ட நாக்வா கோயிலில் சொன்னது காதில் ஒலித்தது. “நடிகைங்களை நோயாளி மாதிரி உக்காத்தி வெப்பாங்க மெர்வத். அழுவாங்க, எரிஞ்சு விழுவாங்க. பிள்ளைங்க எப்படித் தேத்துறாங்கன்னு பாக்கணுமில்ல? சுவத்துல பெருசா கண்ணாடி இருக்கும். அது வெறும் கண்ணாடின்னு நெனச்சுடாதே. பின்னாடி டாக்டருங்க உக்காந்து மார்க் போட்டுட்டிருப்பாங்க!”

மணி அடித்தது. முன்கதவு திறந்தது.

கழுத்துப் பட்டையைத் தளர்த்தி, ‘உஸ்ஸ்’ என்று மூச்சு விட்டபடி ஒரு பையன் வந்தான். சட்டையில் ஒபின்னா என்று பெயர் குத்தியிருந்தது. அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டு, தளர்த்திய பட்டையைத் திரும்ப இறுக்கிக்கொண்டான்.

“மேடம்... உடம்பு சரியில்லையா?”

மெர்வத் ஓரக்கண்ணால் எதிர்க் கண்ணாடியைப் பார்த்தாள். நனைந்து, கறை படிந்து, பொத்தான்கள் பிதுங்கும் சட்டையில், வெளிறிய முகத்தோடு ஒரு பெண் தெரிந்தாள். நோயாளிக்கு வேறு வேடமே தேவையில்லை. நான் இன்னாரின் அம்மா என்று சொன்னால் வெரீனாவின் நேர்காணல் அந்த நிமிஷமே முடிந்தது. வேறு வழியில்லை.

அப்போதுதான் அந்தக் கெட்ட நினைப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்துவிட்டால் என்ன? வெரீனாவுக்கு முன்னால் வருகிற பிள்ளைகள் எல்லாம் தானாகக் கழிந்துவிடுவார்களே! யாருக்குத் தெரியப்போகிறது?

கல்லாக உட்கார்ந்தாள்.

ஒபின்னா ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துத் திறந்து அவளிடம் நீட்டினான். மூடியைத் திருகும்போது அவன் விரல்கள் நடுங்கின. வெரீனாவின் விரல்களும் காலையில் அப்படித்தான் நடுங்கின.

கல் கரைந்துவிட்டது.

“தண்ணி வேணாம்ப்பா. நோன்பு” என்றாள். நோன்பில் பொய் சொல்லக்கூடாது. சொல்வதையெல்லாம் உண்மையாகவே சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள். “தலை சுத்துது. மனசும் சரியில்ல. என் பொண்ணை நெனச்சுப் பயமா இருக்கு.”

சொல்லி முடிப்பதற்குள் நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது.

பையன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். “எங்க அம்மாவும் இப்படித்தான், பயந்தா சாப்பிட மாட்டாங்க” என்றான்.

“நீ சாப்பிட்டியா?”

“முடியல மேடம். வயிறு ஒரே பிசையல்.”

மெர்வத் கைப்பையைத் திறந்தாள். அவித்த மொச்சையை மசித்து அடைத்த ரொட்டி, அவளுடைய மதியச் சாப்பாடு, அவன் கைக்குப் போயிற்று. நோயாளி ஊட்ட, வருங்கால டாக்டர் சாப்பிட்டான். மணி அடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, “உங்க பொண்ணு நல்லா இருப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

‘இவனுக்கு முழு மார்க் விழுந்திருக்கும்’ என்று மெர்வத் நினைத்தாள்.

அடுத்து வந்தவள் ஹேரின். வந்ததும் வராததுமாகக் காலணிகளைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்தாள். பிறகுதான் மூலையில் இருந்தவளைப் பார்த்தாள்.

“ஐயோ, சட்டையெல்லாம் ஈரமா இருக்கே!” தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி மெர்வத்தின் தோளில் போர்த்தினாள்.

“உனக்கு இன்னும் ரூம் பாக்கி இருக்கேம்மா. கோட்டு இல்லாம எப்படிப் போவே?”

“உள்ள ஸ்வெட்டர் போட்டிருக்கேன்.”

“முழங்கையில கிழிஞ்சிருக்கே.”

“கையை மடிச்சு வெச்சுக்குறேன். வெளிய எங்க அம்மா வேற காத்துட்டிருக்காங்க. அவங்களுக்கும் இந்நேரம் இப்படித்தான் நடுங்கிட்டிருக்கும்” என்றாள் அந்தப் பெண். மணி அடிக்கும்வரை மெர்வத்தின் கையைத் தன் கைகளுக்குள் வைத்துச் சூடேற்றினாள். போகும்போது கோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள்.

‘இவளுக்கும் முழு மார்க். வெரீனாவுக்கு யார் இடம் விட்டுவைக்கப்போறா?’

மூன்றாவதாக வந்த கானர், கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வரவேண்டிய உயரம். நேராகப் பிஸ்கட் தட்டுக்குப் போய் நாலைந்தை ஒரே வாயில் போட்டுக்கொண்டான்.

“மேடம், நீங்க ஓகேவா?”

“பரவாயில்லப்பா.”

“தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் கண்ணை மூடிக்கட்டுமா?”

சொன்னவன் தூங்கியே போனான். லேசான குறட்டை வேறு.

மெர்வத் பதறிப்போனாள். பாவிப் பையா, நோயாளி முன்னால் உட்கார்ந்து தூங்குகிறாயே! கண்ணாடிக்குப் பின்னால் உன் பெயரில் பெரிய சுழி போட்டுக்கொண்டிருப்பார்களே! இவனையும் ஒருத்தி பெற்று, வெளியே காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பாளே!

பேசாமல் இருந்தால் ஒரு போட்டி குறையும். அவளால் முடியவில்லை. எதிர்க் கண்ணாடியைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: “ரொம்ப நன்றிப்பா தம்பி! நீ வந்ததும் என் பாரமே எறங்கிடுச்சு!”

இது உண்மைதானா என்று மனச்சாட்சி கேட்டது. அவன் குறட்டையைக் கேட்டதும் அழுகை நின்றது உண்மைதானே என்று பதில் சொன்னாள்.

மணிச் சத்தத்தில் கானர் துள்ளி எழுந்தான். வெட்கத்தோடு பையிலிருந்து பாதிச் சாக்லெட்டை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டுக் குனிந்தபடி ஓடினான். பால் கலந்த சாக்லெட்; நோன்புக்கு ஆகாது. இருந்தாலும் மெர்வத் அதைக் கைப்பையில் பத்திரப்படுத்தினாள்.

கதவு மறுபடி திறந்தது. வெளியே ஒட்டியிருந்த தாளோடு வெகுநேரம் போராடிவிட்டு, தொளதொளச் சட்டையில் வெரீனா நுழைந்தாள்.

“அம்மா! நீ இங்க என்னம்மா பண்றே?”

மெர்வத் கண்ணாலேயே எதிர்க் கண்ணாடியைக் காட்டினாள். வெரீனாவுக்குப் புரியவில்லை. டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் வந்த இரண்டு பேரும் கலக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெற்ற பெண்ணுக்கு அவர்களுக்குக் காட்டியதைவிடப் பெரிய நோயாகக் கொடுக்கவேண்டாமா? நோன்பு தொடங்கியதிலிருந்து சொல்லாத பொய்யை மெர்வத் அப்போது சொன்னாள்.

“யாரும்மா நீ? உன்னை நான் பாத்ததே இல்லையே!”

வெரீனாவின் முகம் வெளுத்தது.

“என்னைத் தெரியலையா? நான் வெரீனாம்மா!”

“தெரியலையேம்மா. நான் ஒரு நோயாளி.”

வெரீனா மண்டியிட்டு அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, சிரி. என்னைப் பாத்துச் சிரி.”

மெர்வத்துக்கு உச்சி குளிர்ந்தது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் செய்கிற சோதனை! முதியோர் இல்லத்தில் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் எல்லாருக்கும் செய்து காட்டியிருக்கிறாள். சரியாகத்தான் போகிறாள் என் கண்மணி. மெர்வத் வாயை ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தாள்.

“ரெண்டு கையையும் தூக்கு!”

ஒரு கையை மட்டும் தூக்கினாள்.

“ஐயோ! அம்மா!”

மகள் நடிப்பில் தன்னையே மிஞ்சிவிட்டாளென்று பூரித்து, ‘பிரமாதம்’ என்று ஜாடை காட்ட மெர்வத் ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

“கண்ணும் ஒரு பக்கம் மூடுது!” என்று அலறிக்கொண்டு வெரீனா வெளியே ஓடினாள். “யாராவது வாங்க! டாக்டர்! எங்கம்மாவுக்கு ஸ்ட்ரோக்!”

மணி அடித்தது. அடுத்த அறையில் வெரீனாவுக்காக ஒருவர் காத்திருந்தார். வெரீனா போகவில்லை. அதற்கடுத்த மணிக்கும் போகவில்லை. அம்மாவை ஏற்றிய சக்கர நாற்காலியின் கைப்பிடியை அவள் விடவேயில்லை.

தேர்வு செய்ய வந்த டாக்டர்கள் இரண்டு பேர் அறைகளை விட்டு ஓடி வந்தார்கள். ‘என்னமா ஏற்பாடு பண்ணியிருக்காங்க!’ என்று வியந்தபடி மெர்வத் சக்கர நாற்காலியில் பெற்றோர் கூடத்தைக் கடந்தாள். ஒரு தகப்பனார் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

மருத்துவ அறையில் ஊசியைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அது விளையாட்டு ஊசி இல்லை.

“நிறுத்துங்க! எனக்கு ஒண்ணுமில்ல! நான் நடிச்சேன்!”

“எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. அசையாதீங்க” என்றார் டாக்டர்.

மெர்வத் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள். அப்படியும் அவர்கள் நம்பாததால், பேச்சும் சரியாக இருக்கிறதென்று காட்ட, பரமண்டல ஜெபத்தைத் தாய்மொழியான அரபியில் கணீரென்று சொல்லத் தொடங்கினாள்.

“பேச்சு குழறுது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்றார் டாக்டர்.

“குழறல டாக்டர்” என்றாள் வெரீனா மெல்ல. “ஜெபம். ஒரு வார்த்தை பிசகாமத்தான் சொல்றாங்க.”

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

“என்னைத் தெரியலன்னு சொன்னியே” என்றாள் வெரீனா. “என் உசுரே போயிடுச்சும்மா.”

“மன்னிச்சுடு கண்ணு. உனக்கு மார்க் வரணும்னுதான்...” ஈரச் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள். “இதைக் குடுக்கத்தான் வந்தேன்.”

வெரீனா கண்ணாடியைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்லமுடியாத ஒரு சத்தத்தோடு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டாக்டர்கள் தலையை ஆட்டிக்கொண்டே போனார்கள். கைமணியை இடுப்பில் அணைத்தபடி திருமதி பிரெஸ்லின் வந்து நின்றாள். மெர்வத் நாற்காலியிலிருந்து இறங்கி, கார் நிறுத்துமிடத்து எண்ணெய் முதல் எல்லாவற்றையும், ஒரு பொய் கலக்காமல், அந்த ஒரு பொய்யையும் சேர்த்து, சொல்லி முடித்தாள்.

“கண்ணாடியை என்கிட்ட குடுத்திருந்தா நானே கொண்டுபோய்க் குடுத்திருப்பேனே” என்றாள் திருமதி பிரெஸ்லின்.

“வாழைப்பழம்னு சொன்னீங்களே...”

“அந்த அப்பா கண்ணாடிக்காகவா வந்தாரு? பையன் பதில் சொல்ல வாயத் தொறந்தா பழத்தைத் திணிச்சாரு.” திருமதி பிரெஸ்லின் வெரீனாவைப் பார்த்தாள். “நீ விட்டுப்போன ரூமையெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம் தனியா முடிச்சுக்கலாம். டாக்டருங்க ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. மணி அடிச்சும் நோயாளியை விட்டு நகராத பொண்ணைத் திருப்பி அனுப்ப அவங்களுக்கு மனசு வரல. எடம் கெடைக்கிறது உன் கையில.”

மெர்வத் நெற்றியில் தொடங்கித் தோள்வரை சிலுவை போட்டுக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தோளில் ஹேரினின் கோட்டு கனத்தது.

“இன்னொரு விஷயம்மா. என்னால அந்த ரூம்ல உங்க பரீட்சை கெட்டுப்போச்சு. மத்தப் பிள்ளைங்க மார்க்கைக் குறைச்சுடாதீங்க. ஒபின்னான்னு ஒரு பையன், கை நடுங்க நடுங்கத் தண்ணி குடுத்தான். இந்தக் கோட்டு ஒரு பொண்ணோடது. கிழிஞ்ச ஸ்வெட்டரோட போனா. அந்த நெட்டைப் பையன் தூங்கினான்தான், இல்லேங்கல. ஆனா பாதிச் சாக்லெட் குடுத்தான். உள்ளுக்குள்ள நடிப்போ நெஜமோ, மார்க்குக்காகவே செஞ்சிருந்தாலும் நல்லாத்தான் செஞ்சாங்க. எல்லாருக்கும் முழு மார்க் போட்டுடுங்க.”

திருமதி பிரெஸ்லின் மணியை மேசைமேல் வைத்தாள்.

“எந்த மார்க்கும்மா? நாலாம் நம்பர் ரூம்ல பரீட்சையே கெடையாது, அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி வெறும் சுவருதான்; ‘இங்கே உங்களை யாரும் பார்க்கவில்லை, மணி அடிக்கும்வரை ஓய்வெடுங்கள்’னு கதவுல தாள் ஒட்டியிருக்கு, உங்க பொண்ணைத் தவிர எல்லாப் பிள்ளைங்களும் அதைப் படிச்சுட்டுத்தான் உள்ள வந்தாங்க.”